மூடுபனி கற்றுத்தரும் ஒளி: சேர்வராயன் மலையில் ஒளிப்படம் பயில்வோருக்கு ஒரு திறந்த மடல்



கேமராவைத் தானியங்கி நிலையில் வைத்து, அது தரும் படத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இன்று பரவலாக இருப்பதாலும், அப்பழக்கம் பயில்வோரின் பார்வையை வளரவிடாமல் செய்வதாலும், ஒரே ஒரு கருத்தை வலியுறுத்துவதற்காக இம்மடல் எழுதப்படுகிறது. கேமராவின் கணிப்பு எந்த இடத்தில், என்ன காரணத்தால் பிழைபடுகிறது என்பதை அறிந்து, அப்பிழையைத் தம் கையால் திருத்தத் தொடங்கும்போதுதான் ஒருவர் இக்கலையைக் கற்கத் தொடங்குகிறார். அவ்வாறு கேமராவைப் பிழைபடச் செய்யும் ஒளி வகைகள் பலவும் சேர்வராயன் மலையில் அருகருகே கிடைப்பதால், தொடக்க நிலையினருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளி எளிதில் அமையாது.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டை அடையும் ஒருவர், ஒரு மணி நேரப் பயணத்திற்குள் முற்றிலும் வேறான ஒளிக்குள் வந்துவிடுகிறார். அடிவாரத்தில் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு தரும் நேர்வெயில். வளைவுகளில் ஒரு பக்கம் இருண்ட பாறைச் சரிவும் மறுபக்கம் கண்கூசும் வெளியும். மேலே, சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்களுக்குள் புள்ளி புள்ளியாக விழும் வெளிச்சம். பருவம் வாய்த்தால் இவை அனைத்தையும் மூடும் பனி. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்னின் முயற்சியால் 1820களில் இம்மலைக்கு வந்ததாகக் கூறப்படும் காப்பிப் பயிரே இன்று இங்குள்ள ஒளியின் தன்மையையும் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது என்பது, நிழலில் வளரும் பயிர் என்ற அதன் இயல்பை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும்.

இவ்வொளியைக் கையாள்வதற்குத் தேவையான அடிப்படைகள் மூன்றே. லென்ஸின் உள்ளே விரிந்து சுருங்கும் துளையின் அளவு முதலாவது. அது எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11, எஃப் 16 என்ற வரிசையில் குறிக்கப்படுகிறது. எண் பெருகப் பெருகத் துளை சிறுத்து, ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறைகிறது. ஷட்டர் வேகம், அதாவது சென்சாரின் மீது ஒளி விழ அனுமதிக்கப்படும் நேரம், இரண்டாவது. 1/125 நொடியை 1/250 நொடியாக மாற்றினால் அங்கும் ஒளி பாதியாகிறது. மூன்றாவது ஐ.எஸ்.ஓ. என்னும் அளவு; சென்சார் பெற்ற ஒளிக்குறிப்பை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதை அது சொல்கிறது; 100 என்பதை 200 ஆக்கினால் படத்தின் பொலிவு இருமடங்காகும், கூடவே படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகளும் மெல்லத் தலைகாட்டும். இவ்வாறு இருமடங்காகவோ பாதியாகவோ மாறும் ஒவ்வொரு படியையும் ஒளிப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள்.

மூன்றுக்கும் ஒரே அளவுகோல் இருப்பதால், ஒன்றில் குறைத்ததை மற்றொன்றில் ஈடுசெய்ய முடியும். ஐ.எஸ்.ஓ. 200 என்ற நிலையில் எஃப் 8, 1/250 நொடி என்று எடுக்கும் படமும், எஃப் 5.6, 1/500 நொடி என்று எடுக்கும் படமும், எஃப் 11, 1/125 நொடி என்று எடுக்கும் படமும் பொலிவில் ஒத்திருக்கும். தெளிவாகத் தெரியும் ஆழத்திலும் அசைவு பதியும் விதத்திலும் மட்டும் வேறுபடும். மேகமற்ற வெயிலில் எஃப் 16 என்ற துளைக்கு, ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ்ப் பின்னத்தையே ஷட்டர் வேகமாகக் கொள்ளலாம் என்ற பழைய விதிப்படி, ஐ.எஸ்.ஓ. 100 எனில் ஏறத்தாழ 1/125 நொடி போதுமானது. அடிவாரத்தில் இவ்விதியைச் சோதித்துவிட்டு மேலேறும் ஒருவர், அதே அளவுகள் காப்பித் தோட்டத்துக்குள் ஏறக்குறைய கரும்படத்தையே தருவதைக் கண்டு, மனிதக் கண் தானாகவே சரிசெய்து மறைத்துவிடும் ஒளி வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை உணர்வார்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளவி எவ்வாறு முடிவெடுக்கிறது என்பது அடுத்து அறிய வேண்டியது. தன் முன்னால் இருப்பது கரும்பாறையா, வெண்பனியா என்பதை அவ்வளவி அடிப்படையில் அறியாது. எதைக் கண்டாலும் அது ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று கருதி, அதற்கேற்பவே அளவுகளை அமைக்கிறது. இன்றைய கேமராக்களும் கைப்பேசிகளும் காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளந்து, முகத்தையும் வானத்தையும் இனங்காண முயன்றாலும், இந்த அடிப்படைச் சாய்வு முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆகவே ஏற்காடு ஏரிக்கரையில் பனி இறங்கும் காலையில் எடுக்கப்படும் படத்தில், கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்த பனி அழுக்குச் சாம்பலாக மாறிவிடுகிறது. பயில்வோர் பலர் இதைக் கேமராவின் குறை என்றோ விலை குறைந்த கருவியின் இயல்பு என்றோ எண்ணிச் சோர்ந்துவிடுகின்றனர். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எனப்படும், கூட்டல் கழித்தல் குறிகள் கொண்ட அமைப்பை ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூட்டல் பக்கம் நகர்த்தினால் பனி தன் வெண்மையைத் திரும்பப் பெறும். கைப்பேசியில் திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்துவதும் இதே வேலையைச் செய்கிறது.

இதற்கு நேர் எதிரான பாடம் மார்ச், ஏப்ரல் மாதங்களில், கோடை மழைக்குப் பிறகு காப்பிச் செடிகள் பூக்கும் சில நாள்களில் கிடைக்கிறது. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே கிளை முழுவதும் வெள்ளைப் பூக்கள் அப்பியிருக்கும் அக்காட்சியில், சட்டத்தின் பெரும்பகுதியை இருண்ட இலைகளே நிரப்புவதால், ஒளி அளவி அவற்றைச் சாம்பலாக்க முயன்று படத்தை மிகைப் பொலிவுடையதாக்குகிறது. விளைவாக இதழ்களின் நுண்கோடுகள் அழிந்து, பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. இங்கே கழித்தல் பக்கம் ஒரு ஸ்டாப் நகர்த்த வேண்டியிருக்கும். பனிக்குக் கூட்டலும் காப்பிப் பூவுக்குக் கழித்தலும் ஏன் என்று தம் சொற்களில் விளக்கக்கூடிய மாணவர், ஒளி அளவியலின் பாதியைக் கற்றுவிட்டவர் ஆவார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த மண்டல முறையின் உட்கருத்தும் இதுவே: காட்சியின் எந்தப் பகுதி எவ்வளவு பொலிவோடு அமைய வேண்டும் என்பதை அளவிக்கு விட்டுவிடாமல், எடுப்பவரே முன்கூட்டி முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவு நிறைவேறியதா என்பதை, படத்தின் இருண்ட புள்ளிகளை இடப்பக்கமும் பொலிவான புள்ளிகளை வலப்பக்கமும் அடுக்கிக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தில் உடனே சரிபார்க்கலாம். வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால், அப்பகுதியின் விவரங்கள் பெரும்பாலும் மீட்க முடியாதபடி அழிந்திருக்கும்.

ஏற்காட்டின் காட்சி முனையான லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் சமவெளியை நோக்கும்போது எழும் சிக்கல் வேறு வகையானது. அருகிலுள்ள பாறையும் மரமும் இருண்டும், தொலைவிலுள்ள வானம் மிகப் பொலிவாகவும் இருக்க, இரண்டையும் ஒரே படத்தில் அடக்கும் ஆற்றல் சென்சாருக்குப் பல வேளைகளில் இருப்பதில்லை. மிக இருண்ட பகுதிக்கும் மிகப் பொலிவான பகுதிக்கும் இடையே ஒரு கருவி பதிவுசெய்யக்கூடிய இந்த எல்லைக்கு டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். இச்சிக்கல் ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலிருந்தே உள்ளது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856 முதல் பணியாற்றிய லின்னேயஸ் ட்ரைப், அன்றைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த ராயக்கோட்டையையும் பிற இடங்களையும் படமெடுத்தார். அப்படங்கள் 1858இல் தனித் தொகுப்பாக வெளிவந்தன. அவர் பயன்படுத்திய வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மிகையாகவும் மற்ற நிறங்களுக்குக் குறைவாகவும் இணங்கியதால், நிலம் சரியாகப் பதியும் அளவுக்கு ஒளி விட்டால் வானம் வெறுமையாகிவிடும். அதனால் அவர் தம் காகித நெகட்டிவ்களின் மீது வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார்.

ட்ரைப்பின் தூரிகைக்கு இன்று தேவையில்லை என்றாலும், அவர் எதிர்கொண்ட தெரிவு மறையவில்லை. வானத்துக்கு அளவெடுத்து மரத்தை நிழலுருவாக விடுவதா, பாறைக்கு அளவெடுத்து வானத்தை இழப்பதா, அல்லது ஒளி வேறுபாடு குறையும் அதிகாலைக்கும் அந்திக்கும் காத்திருப்பதா என்பதை எடுப்பவரே தீர்மானிக்க வேண்டும். கைப்பேசிகள் வெவ்வேறு ஒளியளவில் பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாகக் கோத்து இச்சிக்கலைத் தீர்க்க முயல்கின்றன. அம்முயற்சி பல வேளைகளில் பயன்பட்டாலும், இருளாக இருக்க வேண்டிய மலைச்சரிவையும் வெளிறச் செய்து, காட்சியின் ஆழத்தைக் கரைத்துவிடுவதும் உண்டு. மலையின் கிழக்குப் பக்கத்திலுள்ள பகோடா பாயிண்டில் விடியலையும், லேடீஸ் சீட்டில் மாலையையும் எடுத்து ஒப்பிடும் மாணவர், நேரத்தைத் தேர்வதும் எக்ஸ்போஷரின் ஒரு பகுதியே என்பதை அறிவார்.

காப்பித் தோட்டத்தின் உட்புறம் வெயில் நாளில் மிகக் கடினமான களமாகும். இலைகளின் ஊடே இறங்கும் வெயில் ஒரு முகத்தின் மீது சிறு சிறு வெள்ளைத் திட்டுகளாக விழும்போது, அத்திட்டுகளுக்கும் அவற்றை அடுத்த நிழலுக்கும் இடையே பல ஸ்டாப் வேறுபாடு ஏற்படுவதோடு, இலைகளின் வழியே வடிகட்டப்பட்ட ஒளி தோலின் மீது பச்சைச் சாயலையும் ஏற்றுகிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கணித்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் என்ற அமைப்பைக் கையால் மாற்றக் கற்பதற்கும், பின்னர் திருத்துவதற்கு இடம்தரும் ரா கோப்பின் பயனை உணர்வதற்கும் இதுவே ஏற்ற இடம். ஜேபெக் கோப்பில் கேமரா தன் முடிவுகளைப் படத்திலேயே இறுக்கிவிடுகிறது, ரா கோப்பிலோ சென்சார் பெற்ற தகவல் பெரும்பாலும் அப்படியே சேமிக்கப்படுகிறது. மேகம் சூழ்ந்த நாளைப் பயணத்திற்கு ஆகாத நாள் என்று பலர் எண்ணினாலும், முழு வானமும் ஒரே பெரிய விளக்காக மாறி மென்மையான ஒளியைப் பரப்பும் அந்நாளே தோட்டத்துக்குள் படமெடுக்க உகந்தது.

நிழலில் ஒளி குறைவதால் கை நடுக்கமும் படத்தில் பதியத் தொடங்குகிறது. முழுச்சட்ட சென்சார் கொண்ட கேமராவில், லென்ஸின் குவியத் தொலைவு 50 மில்லிமீட்டர் எனில் 1/50 நொடிக்கும், 200 மில்லிமீட்டர் எனில் 1/200 நொடிக்கும் கீழே ஷட்டர் வேகத்தை இறக்காமல் இருப்பது, நடுக்கம் தடுக்கும் வசதி இல்லாத கருவிகளுக்கான பழைய பாதுகாப்பு விதி. புள்ளிகள் தோன்றுமோ என்று அஞ்சி ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தத் தயங்கும் தொடக்க நிலையினர், புள்ளி விழுந்த படத்தைப் பயன்படுத்த முடியும், நடுங்கிய படத்தை மீட்பது அரிது என்பதை நினைவில் கொள்வது நல்லது. ஷட்டர் வேகத்தின் வெளிப்பாட்டு ஆற்றலைக் காண விரும்புவோர், மழைக்குப் பின் நீர் மிகும் கிளியூர் அருவியில் 1/1000 நொடியில் ஒரு படமும், முக்காலியில் கேமராவைப் பொருத்தி 1/4 நொடியில் மற்றொரு படமும் எடுக்கலாம். முதற்படத்தில் நீர் துளித்துளியாக உறைந்து நிற்கும். இரண்டாவதில் இழையாக ஒழுகும். இரண்டில் எது அருவிக்கு உண்மையானது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. அருவியின் வேகத்தைச் சொல்ல வேண்டுமா, ஓட்டத்தைச் சொல்ல வேண்டுமா என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

துளையின் அளவு கற்பிக்கும் பாடத்துக்கு, 1963இல் தொடங்கப்பட்ட, இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் துணைநிற்கும். குவியம் விழுந்த புள்ளிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்பதைக் குறிக்கும் தெளிவாழம், துளை பெரிதாகும்போதும் பொருளை நெருங்கும்போதும் சுருங்குகிறது. ஒரு சிறிய ஆர்க்கிட் மலரை மிக நெருங்கி எஃப் 2.8இல் எடுத்தால், தெளிவாழம் சில மில்லிமீட்டருக்குள் அடங்கி, இதழின் ஒரு விளிம்பு மட்டுமே தெளிவாகும். பின்புலம் மங்கியிருந்தாலே அழகு என்ற எண்ணத்தை இம்மலர் திருத்துகிறது; எஃப் 11க்குத் துளையைச் சுருக்கி, மலரின் அமைப்பு முழுவதும் புலப்படச் செய்யும்போதுதான் பார்ப்பவர் அதன் வடிவத்தை அறிய முடிகிறது.

சட்டத்துக்குள் எதை வைப்பது, எதை விலக்குவது என்ற காட்சியமைப்பிலும் மலைக்கென்று தனி இலக்கணம் உண்டு. கடற்கரையில் அடிவானக் கோடு மட்டத்தைக் காட்டிவிடும். சரிவில் அத்தகைய கோடு இல்லாததால் பல படங்கள் அறியாமலே சாய்ந்துவிடுகின்றன. அத்தகைய இடங்களில் நேராக ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக்கின் அடிமரத்தைச் செங்குத்துக்கு அளவாகக் கொள்ளலாம். பனி நாளில் அருகிலுள்ள மரம் கருமையாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கடுத்தது வெளிறியும் தெரிவதால், வெயில் நாளில் ஒன்றோடொன்று குழம்பும் கிளைகள் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்து நிற்கின்றன. தட்டையான படத்தில் தொலைவுணர்வை உண்டாக்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் தானியங்கிக் குவியம் பொலிவு வேறுபாடு உள்ள விளிம்புகளைத் தேடியே இயங்குவதால், வெறும் பனியை நோக்கினால் அது தடுமாறும். அருகிலுள்ள அடிமரத்தின் விளிம்பில் குவியத்தை நிறுத்துவதே தீர்வு.

எந்தக் கேமரா வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு இம்மடல் சில வரிகளை மட்டுமே ஒதுக்குகிறது. கைப்பேசியில் துளை பெரும்பாலும் மாறாதது என்றாலும், ஷட்டர் வேகத்தையும் ஐ.எஸ்.ஓ.வையும் கையால் மாற்ற உதவும் செயலிகள் கிடைப்பதால், மேற்சொன்ன பாடங்களில் பெரும்பகுதியை அதிலேயே கற்கலாம். தமிழகத்தின் இயற்கையியலாளர்களில் முன்னோடியான மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு பாகங்களைத் தாமே இணைத்து உருவாக்கிய கேமராவோடு கருப்பு வெள்ளையில் காட்டுயிர்களை எடுத்தவர். யானையின் இயல்பை அறிந்து காத்திருக்கும் பொறுமைதான் அவருடைய முதன்மைக் கருவியாக இருந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, இந்து என்ற பெயரில் தந்த சுருள்களைக் கொண்டு இந்நாட்டில் பலர் இக்கலையைப் பயின்ற காலத்தில், ஒரு சுருளுக்கு 36 படங்களே கிடைத்ததால், ஒவ்வொரு படத்துக்கு முன்னும் சிந்திக்கும் கட்டாயம் இருந்தது. அக்கட்டாயத்தை இன்றைய மாணவர் தாமே விதித்துக்கொள்ளலாம்: ஒரு நாளுக்கு 36 படங்கள், ஒவ்வொன்றுக்கும் இடம், நேரம், அளவுகள், எதிர்பார்த்தது, கிடைத்தது ஆகியவற்றைப் பதியும் ஒரு குறிப்பேடு.

மலையின் ஈரம் கருவிக்குத் தீங்கானது என்பதையும் கூற வேண்டும். காற்றில் ஈரப்பதம் நெடுநாள் மிகுந்திருந்தால் லென்ஸின் உட்பக்கத்தில் பூஞ்சை படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கருவியை வைப்பது அதைத் தடுக்கும். குளிரூட்டிய காரிலிருந்து ஈரமான வெளிக்காற்றுக்கு வரும்போது லென்ஸில் நீர் படியுமாதலால், கேமராவைப் பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து வெளியெடுப்பது நலம்.

எல்லாவற்றினும் கனமான பொறுப்பு மனிதர்களைப் படமெடுப்பதில் உள்ளது. தமிழ் பேசும் பழங்குடியினரான மலையாளிகள் இம்மலையின் ஊர்களில் வழிவழியாக வாழ்பவர்கள்; தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்பவர்களும் மிளகு பறிக்க மரம் ஏறுபவர்களும் தம் வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள். சுற்றுலா வருவோரின் ஆல்பத்தை நிரப்புவது அவர்கள் கடமை அன்று. அவர்களை வணங்கி, எதற்காகப் படம், எங்கே காட்டப்படும் என்பதைச் சொல்லி, ஒப்புதல் பெற்ற பின்னரே கேமராவை உயர்த்த வேண்டும். மறுத்தால் அம்மறுப்பை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். குழந்தைகள் எனில் பெற்றோரின் இசைவு கட்டாயம் தேவை. சேர்வராயன் கோயிலில் வழிபடுவோரின் அமைதியும், கூட்டில் குஞ்சு காக்கும் பறவையின் அமைதியும் எந்தப் படத்தைவிடவும் மதிப்புள்ளவை. நல்ல கோணத்துக்காகக் கிளையை ஒடிப்பதோ மரத்தில் வளரும் ஆர்க்கிட்டைப் பெயர்ப்பதோ, படமெடுக்கப்படும் பொருளையே அழிக்கும் செயலாகும்.

ஆகவே இம்மடல் பயில்வோரிடம் வைக்கும் வேண்டுகோள் இது. விடுமுறை நாளில் எல்லாக் காட்சி முனைகளையும் ஓடி முடிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் ஒரே ஓர் இடத்தை, ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தையோ ஏரியின் ஒரு கரையையோ ஊர்ச்சாலையின் ஒரு வளைவையோ தேர்ந்து, பூக்கும் மார்ச்சிலிருந்து பழம் பறிக்கும் நவம்பர், டிசம்பர் வரை மீண்டும் மீண்டும் அங்கே சென்று படமெடுக்க வேண்டும். இடம் மாறாதிருப்பதால் ஒளியின் மாற்றம் மட்டுமே கண்ணில் படும். அம்மாற்றத்துக்கு ஏற்பக் கை தானாக அளவுகளை மாற்றப் பழகும். ஆண்டின் முடிவில் பத்துப் படங்களைத் தேர்ந்து, காகிதத்தில் அச்சிட்டு, இடமும் நாளும் குறித்து, தம் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ வைக்க வேண்டும். மனிதர்கள் இடம்பெற்ற படங்களின் ஒரு படியை அம்மனிதர்களிடமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருவர் தம் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து அதில் தம்மை அடையாளம் காண்பதைவிடக் கடுமையான தேர்வும், அவர் மகிழ்வதைவிட நல்ல சான்றிதழும் தொடக்க நிலையினருக்கு வேறில்லை.